கம்பளிக்கடியில் ஒரு கை

கேலாங்
19-6-2025

துரை,

ஸ்தோத்திரம்னு போட்டு ஆரம்பிக்கிறதுதான் என் பழக்கம். இன்னிக்கு உனக்கு அது கிடையாது.

இந்தக் கடுதாசியை லாட்ஜ்காரம்மா கையில குடுத்துட்டுப் போறேன். அவங்க இந்தி எனக்குப் புரியல, என் இந்தி அவங்களுக்குப் புரியல. பஸ்ஸு வந்ததும் உன் கையில குடுக்கணும்னு ஜாடையில சொல்லியிருக்கேன். நீ மேல ஏரியெல்லாம் பாத்துட்டு ஜாலியா வந்து எறங்கும்போது ரூம்ல என் பெட்டி இருக்காது. மணாலிக்கு ஒரு ஜீப் போவுது, அதுல போறேன். அங்கேருந்து ஊருக்குப் போய்ச் சேர எனக்கு வழி தெரியும். போன் பண்ணாதே. போன்ல உன்கிட்ட கத்தினா எனக்கு மூச்சு வாங்கும். எழுதினா வாங்காது. அதான் எழுத்து.

இன்னாடா பண்ணிட்டே விடியக்காலையில?

நாம பேசி வெச்சது இன்னா? மூணு பேர் குந்தற சீட்டு. ஜன்னலோரம் நான், நடுவுல நீ, அந்தாண்ட உன் பொண்டாட்டி பாப்பம்மா. மூணு பேருக்கும் ஒரே கம்பளி. டூர்க்கார மனோகர் டார்ச் அடிச்சிகினு விரல்ல மாட்டற கிளிப்பை எடுத்துனு வருவான். நெஞ்சுல காத்து போதுமான்னு அது நம்பர் காட்டும், கம்மியா இருந்தா அந்த ஆளை மேல இட்டுனு போவ மாட்டான். கம்பளிக்கு அடியிலேருந்து உன் வலது கை உனக்கு, இடது கை எனக்கு. எல்லாருக்கும் குரங்கு குல்லா, அந்த இருட்டுல எது எவன் கைன்னு யாருக்குத் தெரியப்போவுது. இந்த யோசனை என்னுதா? பங்காருபேட்டை ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கும்போது நீயே வாயைத் தொறந்து சொன்னது.

மனோகர் நம்ம சீட்டுக்கு வந்தான். நான் கையை மடியில வெச்சிகினு கண்ணை மூடிகினேன். நீ சத்தமா சொல்றே, "சார், இவனுக்கு மைன்ஸ் தூசி நெஞ்செல்லாம் அடைச்சிருக்குது, இவனை மேல இட்டுனு போவாதீங்க"ன்னு. பஸ்ஸே திரும்பிப் பாத்துது. எங்க சர்ச்சு ஆளுங்க, ஊரிகம் ஆளுங்க, எல்லாம். மனோகர் டார்ச்சை என் மூஞ்சிக்கு அடிச்சான். "ரிஸ்க் பேடா அங்கிள், வேணாம்"னு என் பையைத் தூக்கி கீழ வெச்சான். செத்த பொணத்தைக்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையா எறக்குவாங்க.

ஒருத்தனுக்கு ஒருத்தன் நிக்கறது நம்ம கேங்குல எழுதாத சட்டம். நீ காட்பாடிக்குப் பொண்ணு பாக்கப் போய் திரும்பாத அன்னிக்கு, மைன்ஸ் மெடிக்கல் செக்கப்புல உன் பேரைக் கூப்பிட்டப்போ யார் போய் சட்டையைக் கழட்டிட்டு எக்ஸ்ரே மெஷின் முன்னாடி நின்னது? ரெக்கார்டுல உன் பேர்ல இருக்கிற நல்ல நெஞ்சு என் நெஞ்சுடா. அப்போ அது நல்லா இருந்துது. நான் ஒரு கேள்வி கேட்டேனா?

சொன்னதைக்கூட விட்டுடறேன். சொல்லிட்டு நீ மேல போனே பாரு, அத்த நான் விட மாட்டேன். சுரங்கத்துக்குள்ள கேஜ்ல ரெண்டு பேரா எறங்கினா ரெண்டு பேராத்தான் ஏறணும். ஜோடிக்கு அடிபட்டா ஷிப்டு பாதியில விட்டுட்டு கூட ஏறி வரணும். பாறையில கை வெச்சா கொப்புளம் போடற அந்த ஆழமான லெவல்ல, கோவணத்தோட குந்திகினு, "ஒரு நாளு பனிக்கட்டி மேல போய் குந்தணும்டா ஏசு, ரெண்டு பேரும்"னு சொன்னது நீ. ரெண்டு பேரும்னு சொன்னே.

பஸ்ஸு கெளம்பிச்சு. நீ ஜன்னல் பக்கம் நகந்து என் எடத்துல குந்தினதை நான் கீழேருந்து பாத்தேன்.

ஏசுபாதம்

*

ஊரிகம்
30-6-2025

அன்புள்ள ஏசுபாதத்துக்கு,

நீ போடாத ஸ்தோத்திரத்தை உனக்கும் சேத்து நானே போட்டுக்கறேன். முருகன் கோச்சிக்க மாட்டாரு.

போன் போட்டேன், கட் பண்ணிட்டே. வீட்டுக்கு வந்தேன், நீ தூங்கறேன்னு உன் சம்சாரம் பியாட்ரிஸ் வாசல்லயே சொல்லிடுச்சு. பகல் பதினோரு மணிக்கு நீ எந்தக் காலத்துலடா தூங்கியிருக்கே? உள்ள நீ தொண்டையைக் கனைச்சது எனக்குக் கேட்டுது. சரி, ஊரிகத்துலேருந்து சாம்பியன் ரீப்ஸுக்கு ஸ்டாம்பு ஒட்டி கடுதாசி போடற மொத ஆளு நானாத்தான் இருப்பேன்னு நெனச்சிகினு எழுதறேன். போஸ்டாபீஸ்ல அந்தப் பொண்ணு அட்ரஸைப் பாத்துட்டு, "தாத்தா, ஆட்டோவுல போனாலே ஆயிடுமே"ன்னுது. ஆட்டோ போவும், வாசல் தொறக்காதும்மான்னேன்.

ஏசு, நான் சொன்னது உன் உசுருக்காக. முந்தின நாளு ராத்திரி ரூம்ல நீ மூச்சு விட்ட சத்தம் இருக்குதே, ரம்பம் போடற சத்தம். நான் கண்ணே மூடல. அந்த ஏத்தத்துல உனக்கு ஏதாவது ஆயிருந்தா பியாட்ரிஸ் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? உன் மவன் மேக்ஸ்வெல் என்னை சும்மா விடுவானா? நீ கோவத்துல இருக்கே. தலைக்கு வந்தது தலைப்பாவோட போச்சுன்னு நெனச்சிக்கோ.

நான் மேல போனது தப்புன்றே. பாப்பம்மா தனியா எப்படிப் போவும்? அது ஆசைப்பட்டு வந்தது. அதுவுமில்லாம யாராவது ஒருத்தன் போய் பாத்துட்டு வந்து சொல்ல வேணாமா? அதனால கேளு.

கேலாங் தாண்டினதும் மரம் மட்டை ஒண்ணும் கிடையாது. தங்கம் பிரிச்சுக் கொட்டின நம்ம சைனைட் மேடு எப்படி மொட்டையா கிடக்கும், அந்த மாதிரி மலை, ஆனா தலை தூக்கிப் பாத்தா கழுத்து வலிக்கும். அப்புறம் ஒரு திருப்பத்துல ஏரி. சூரஜ் தால்னாங்க. பச்சையும் இல்ல நீலமும் இல்ல. ஓரமெல்லாம் இன்னும் உறைஞ்சே கிடக்குது, ஜூன் மாசத்துல. அதுக்கு மேல மலை இடுக்குலேருந்து பனியாறு அப்படியே நாக்கை நீட்டிகினு எறங்குது. நான் கிட்டப் போனேன் ஏசு. வெள்ளையா இருக்கும்னு நெனச்சோமே, வெள்ளை மேல மட்டும்தான். வெடிப்புக்குள்ள பாத்தா நீலம். உன் பேரைச் சொல்லி ஒரு கை வெச்சேன். கொஞ்ச நேரத்துல விரல் மரத்துப்போச்சு. ஒரு சில்லு ஒடைச்சு வாயில போட்டேன், மண்ணு வாசனை அடிச்சுது. அது மேல குந்திட்டும் வந்தேன், வேட்டி நனைஞ்சு மனோகர்கிட்ட திட்டு வாங்கினேன். நீ குந்த வேண்டியதையும் சேத்துத்தான் குந்தினேன்.

கோவம் ஆறினா ஒரு மிஸ்டு கால் குடு. ஓடி வரேன்.

துரை

*

சாம்பியன் ரீப்ஸ்
8-7-2025

துரைக்கு ஸ்தோத்திரம்.

போட்டுட்டேன். ரொம்ப சந்தோஷப்படாதே, பியாட்ரிஸ் பக்கத்துல நிக்குது.

உன் கடுதாசியை மொதல்ல கிழிச்சுப் போடலாம்னுதான் பிரிச்சேன். அந்த ஏரி வந்ததும் கை நின்னுடுச்சு. அப்புறம் பியாட்ரிஸுக்குப் படிச்சுக் காட்டினேன். வெடிப்புக்குள்ள நீலம்னு எழுதினே பாரு, அத்த அது திரும்பப் படிக்கச் சொல்லிச்சு. அதுக்கப்புறம் நானே தனியா எத்தனை தரம் படிச்சேன்னு கேக்காதே. படுக்கும்போது தலகாணி பக்கத்துல பைபிளோட அதுவும் கிடக்குது.

"துரை அண்ணன் செஞ்சது சரிதான், அங்க உங்களுக்கு எதுனா ஆயிருந்தா நான் பொட்டியிலதான் பாத்திருக்கணும்"னு இது சொல்லுது. நானும் யோசிச்சுப் பாத்தேன். மணாலிக்கு எறங்கி வந்த ஜீப்லயே என்னால முடியல. டெல்லி ஸ்டேஷன்ல ஒரு சர்தார்ஜி என்னைத் தாங்கிப் பிடிச்சு பெஞ்சில குந்த வெச்சாரு. மேல போயிருந்தா திரும்பியிருக்க மாட்டேன். அது நெசம். உன்கிட்ட ஒத்துக்க கசக்குது, ஆனா நெசம்.

பஸ்ஸுல அத்தனை பேர் முன்னாடி கத்தாம, ராத்திரியே ரூம்ல என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம். "ஏசு, வேணாம்டா"ன்னு ஒரு வார்த்தை. நான் சண்டை போட்டிருப்பேன், அப்புறம் அடங்கியிருப்பேன். சர்ச்சுல இப்போ எல்லாரும் என்னைப் பாக்கறதே வேற மாதிரி இருக்குது. நான் படிக்கட்டு ஏறினா பொம்பளைங்க வழி விடறாங்க. அந்த வலி போவ நாளாவும்.

நீ மேல போனதையும் இப்போ வேற மாதிரி நெனச்சுக்கறேன். எனக்குப் பதிலா நீ நின்னேன்னு வெச்சுக்கறேன். நீ பாத்தது நான் பாத்த மாதிரி. கேங்கு சட்டப்படி அது செல்லும்.

ஒரு சந்தேகம் கேக்கறேன். அந்தப் பனிக்குக் கிட்ட காதை வெச்சியா? நம்ம பாறை வெடிக்கறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள முணுமுணுன்னு பேசுமே, நாம கூட சம்மட்டியைக் கீழ போட்டுட்டு கேப்போமே. அதுவும் அந்த மாதிரி பேசுதா? மேல அவ்வளவு கனம் ஏறி நிக்குது, பேசாம இருக்காதுன்னு தோணுது. எழுது. விவரமா எழுது.

ஏசுபாதம்

*

ஊரிகம்
13-7-2025

ஏசு,

உன் கடுதாசி கண்டு மனசு லேசாச்சு. பியாட்ரிஸ் நல்லா இருக்கணும்.

நீ கேட்டது. ஆமா, பேசிச்சு. காதை வெச்சேன். நம்ம பாறை மாதிரியேதான், ஆனா கொஞ்சம் மெதுவா. தண்ணி வேற உள்ள ஓடுது இல்ல, அந்த சத்தமும் இருந்துது. விவரமா எழுதச் சொல்றே, எனக்கு எழுத்து வராதுன்னு உனக்குத் தெரியாதா. போன வாட்டி எழுதினதே பெருசு.

கொஞ்ச நாளா எனக்கு உடம்பு சரியில்ல, குளிர் ஒத்துக்கல போல. அதனால வரல, வேற ஒண்ணும் நெனச்சுக்காதே. அந்த டூர் கதையை இதோட விட்டுடலாம் ஏசு. பாத்தாச்சு, வந்தாச்சு.

துரை

*

சாம்பியன் ரீப்ஸ்
21-7-2025

துரை,

நேத்து பாப்பம்மா வீட்டுக்கு வந்துது. சமையல்கட்டுல பியாட்ரிஸ்கிட்ட குந்தி அழுதுது. நான் ஹால்ல இருக்கேன்னு தெரிஞ்சேதான் அழுதுது. அதுக்கு மேல அதால தாங்க முடியல. அதைத் திட்டினே, அது மேல கை வெச்சேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்.

எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன், தப்பு இருந்தா திருத்து.

கேலாங் வந்த அன்னிக்கு சாயங்காலம் தலைவலி மாத்திரை வாங்கறேன்னு மெடிக்கல் ஷாப்புக்குப் போனே. கடைக்காரன் உன் விரல்ல கிளிப்பை மாட்டினான். நம்பரைப் பாத்துட்டு, இப்பவே கீழ எறங்குங்கன்னான். என்னோட நம்பரைவிட உன்னோடது கம்மி. உன் நெஞ்சுலயும் தூசி. என் நெஞ்சுல இருக்கிற அதே தூசி, அதே லெவல்ல, அதே ட்ரில்லு பக்கத்துல முழுங்கினது. உனக்கு அது புதுசும் இல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னாடியே கோலார்ல டாக்டர் சொல்லிட்டாரு, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பாப்பம்மா தாலி மேல சத்தியம் வாங்கியிருக்கே.

ஆக உன் ரெண்டு கையும் எதுக்கும் உதவாது. பாப்பம்மாவோட ஒரு கை அதுக்கு, இன்னொரு கை மீதி. கம்பளிக்கு அடியில அந்த மீதிக் கை உன் விரலா மாறிச்சு. டார்ச்சு வெளிச்சம் உன் பக்கம் நிக்கக் கூடாதுன்னு என்னைக் காட்டிக் குடுத்தே. எல்லாரும் என்னையே பாத்துகினு இருந்தாங்க, உன் விரல்னு நீட்டினது வளையல் போட்ட கைன்னு எவன் பாப்பான்? உன் உசுருக்காக சொன்னேன்னு எழுதினியே. யாரு உசுருக்குடா?

மேல போய் நீ பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏரி வர்றதுக்கு முன்னாடியே நீ சீட்டுல சாஞ்சுட்டே. மூஞ்சில மாஸ்க்கைப் போட்டு சிலிண்டரைத் தொறந்து விட்டுட்டு மத்தவங்க எறங்கிப் போனாங்க. பாப்பம்மா உன் உள்ளங்காலைத் தேச்சுகினு குந்தியிருந்துது, அதுவும் ஒண்ணும் பாக்கல. பஸ்ஸு கண்ணாடி பூரா ஆவி. நீ ஏரியைப் பாக்கல. பனியைத் தொடல. கூட டூர் வந்த நம்ம டென்சில் போன்ல எடுத்துனு வந்த வீடியோவைப் பாத்துட்டு எனக்கு எழுதினே. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்க போச்சு. ஒரு சில்லு ஒடைச்சு வாயில போட்டானாம், மண்ணு வாசனை அடிச்சுதாம். அத்த நான் தலகாணிகிட்ட வெச்சிகினு படுத்தேன். காதை வெச்சியான்னு கேட்டேன், வெச்சேன்னே. மெதுவா பேசிச்சுன்னே.

இதெல்லாம்கூட எனக்கு அப்புறம்தான். நேத்து பாப்பம்மா போனதுக்கப்புறம் நான் நெனச்சது வேற.

ஒவ்வொரு மழைக்காலத்துலயும் நான் இருமி இருமி வாசப்படியில குந்திடுவேன். நீ ஓடி வந்து முதுகைத் தடவி விடுவே. "உனக்கு மட்டும் ஏன்டா ஏசு இந்தத் தலையெழுத்து"ன்னு சொல்லுவே. வாய் கூசாம சொன்னியே, உனக்கு மட்டும்னு. நான் அத்த நம்பினேன். கேங்குல எல்லாரும் போயிட்டாங்க, இவன் ஒருத்தனாவது சுத்தமா தப்பிச்சான்னு உனக்காக ஜெபம் பண்ணியிருக்கேன். அதே நேரத்துல வெளியே சொல்ல முடியாத பொறாமையும் பட்டிருக்கேன். எனக்கு எவ்வளவு பயமா இருந்துதுன்னு உனக்குத் தெரியுமா? தனியா பயந்தேன்டா. பக்கத்துலயே நீயும் அதே பயத்தை வெச்சிகினு, நல்லவனாட்டம் என் முதுகைத் தடவிகினு இருந்தே.

ரெண்டு பேரா பயந்திருக்கலாம். அத்த எடுத்துட்டே நீ என்கிட்டேருந்து.

பதில் எழுதினா ஜோக்கு எழுதாதே.

ஏசுபாதம்

*

ஊரிகம்
4-8-2025

ஏசுபாதம்,

நீ எழுதினதுல திருத்த ஒண்ணும் இல்ல. பாப்பம்மாவை நான் ஒண்ணும் சொல்லல. கடுதாசி வந்த அன்னிக்கு அது எனக்குப் படிச்சுக் காட்டிச்சு. நடுவுல நின்னுடுச்சு. மிச்சத்தை நானே படிச்சேன்.

டாக்டர் சொன்ன அன்னிக்கு நேரா உன் வீட்டுக்குத்தான் வந்தேன், சொல்றதுக்கு. நீ அன்னிக்கு வாசப்படியில குந்தி இருமிகினு இருந்தே. கண்ணு பிதுங்கி, எச்சி வடிஞ்சு. நானும் இப்படி ஆவப் போறேன்னு நெனச்சதும் சொல்ல வந்ததை முழுங்கிட்டேன். அதனால உன் முதுகைத் தடவினேன். தடவறவனுக்கு நோவு கிடையாது இல்ல. அப்படி நெனச்சு நெனச்சு, உன் பக்கத்துல இருக்கும்போது எனக்கு ஒண்ணும் இல்லன்னு நானே நம்பிட்டேன். உன் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ஸ்டேஷன் பின்னாடி போய் இருமித் தீத்துட்டுத்தான் வருவேன்.

பஸ்ஸுல பாப்பம்மா கை ஒண்ணு மீதி இருந்துது. அது உனக்கா எனக்கான்னு நான் யோசிச்சிருந்தாகூட ஒரு மனுசன்னு சொல்லிக்கலாம். யோசிக்கவே இல்ல ஏசு. பாப்பம்மாதான் கம்பளிக்கு அடியில என்னை இடிச்சுது, அண்ணனுக்குக் குடுங்கன்னு. நான் அது கையைப் பிடிச்சு என் பக்கம் இழுத்துகினேன். அப்புறம் வாயைத் தொறந்து உன்னைச் சொன்னேன். அந்தப் பனியைப் பாக்கணும்னு எனக்கு வெறி. பாக்காம செத்துடுவேன்னு பயம். நீ பாக்காம செத்துடுவியேன்னு ஒரு நிமிசம்கூடத் தோணல.

கடுதாசியில பொய் எழுதினது உன்னை ஏமாத்தறதுக்கு மட்டும் இல்ல. அத்த எழுதும்போது நான் நெசமாவே அங்க போனேன். ரெண்டு பேரும் போனோம். அத்த நீ நம்ப வேணாம்.

உன் கண்ணுல இனிமே பட மாட்டேன். சாம்பியன் ரீப்ஸ் பக்கமே வர மாட்டேன். இதுக்கு நீ பதில் போட வேணாம்.

துரை

*

சாம்பியன் ரீப்ஸ்
9-8-2025

துரை,

பதில் போடறதா வேணாமான்னு நீ எனக்குச் சொல்லாதே.

நான் மன்னிக்கல. பாஸ்டர் கேட்டா மன்னிச்சிட்டேன்னு சொல்லுவேன், அது சர்ச்சுக்காக சொல்ற பொய்யி. பஸ்ஸுல நீ சொன்ன வார்த்தை காதுலேருந்து போவல. போவும்னும் தோணல. பாப்பம்மா உன்னை இடிச்சுதுன்னு எழுதினியே, அத்த படிச்சதுக்கப்புறம் இன்னும் மோசம். உன்னை எங்க வெச்சுப் பாக்கறதுன்னே எனக்குத் தெரியல.

ஆனா கண்ணுல பட மாட்டேன்னு ஓடறது நடக்காது. அது உனக்கு சுலபம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா. ஸ்டேஷன் பின்னாடி நிக்காம நேரா வா. மன்னிப்பு கேக்காதே, கதை சொல்லாதே, என் முதுகைத் தொடாதே. என் எதிர்ல ஒரு சேர் போட்டு வெக்கச் சொல்றேன், அதுல குந்து. வந்துதுன்னா அடக்காம இருமு. இத்தனை வருஷம் நான் இருமினதை நீ கேட்டே. இனிமே நீ இருமறதை நான் கேக்கணும்.

ஏசுபாதம்